பி.எச். மானியின் நாணயம்

அரிசியும் உளுந்தும் படியால் அளந்து விற்கப்பட்ட காலத்தில், வாங்குகிறவர் முதலில் பார்த்தது அரிசியை அன்று. படியில் அரசாங்க முத்திரை இருக்கிறதா என்பதைத்தான். முத்திரை இருந்தால் அளவை நம்பலாம். இல்லையேல் அளப்பவரின் கையை நம்பவேண்டியதுதான். ஒருமுறை முத்திரை பெற்ற படி ஆண்டுக்கணக்கில் அதே படியாக இருக்கும். இரும்புப் படி ஓர் இரவில் சுருங்கிவிடாது.

நம் ஆய்வுக்கூடங்களில் மேசைமீது அமர்ந்திருக்கும் பி.எச். மானி அப்படிப்பட்டதன்று. நேற்று மாலை சரியாக அளந்த கருவி இன்று காலை சற்றே பிசகியிருக்கும். அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் பிசகும். ஆயினும் அதன் முகத்தில் எண்கள் எப்போதும் ஒரே தெளிவுடன், இரண்டு தசம இலக்கங்களுடன் ஒளிர்ந்துகொண்டேயிருக்கும். பொய் சொல்லும்போது தடுமாறுவது மனித இயல்பு. கருவிக்கு அந்த இயல்பு இல்லை. எனவே இந்தப் படிக்கு ஒவ்வொரு நாளும் நாமே முத்திரையிட வேண்டும். அந்த முத்திரையிடுதலைத்தான் ஆய்வுக்கூடத்தில் 'காலிபரேஷன்' என்கிறோம். தமிழில் அளவுத்திருத்தம் எனலாம்.

செய்முறை வகுப்புகளில் இளைய மாணவர்களோடு நிற்கும்போது, அவர்களில் பலர் இதனை ஒரு சடங்காகவே செய்வதை நான் காண்கிறேன். மூன்று கரைசல்களில் முக்குவது, பொத்தானை அழுத்துவது, பிறகு வேலையைத் தொடங்குவது. ஏன் முக்கினோம் என்று கேட்டால் மௌனம். அந்த 'ஏன்' என்பதை இயன்ற அளவு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். வேதியியல் பயிலாத சங்க நண்பர்களும் தொடர்ந்து வரலாம். கடினமான கணக்கு ஏதுமில்லை.

பி.எச். என்பது யாது?

டென்மார்க் நாட்டின் தலைநகரான கோப்பன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் என்னும் பீர் தொழிற்சாலையைச் சார்ந்து ஓர் ஆராய்ச்சிக் கூடம் உண்டு. அங்கே பணியாற்றிய சோரன்சன் என்னும் வேதியியல் அறிஞர் நொதிகளைப் பற்றி ஆராய்ந்தார். கரைசலில் அமிலம் சிறிதே கூடினாலும் குறைந்தாலும் நொதிகளின் வேலை மாறுவதை அவர் கண்டார். அமிலத்தன்மை என்பது ஹைட்ரஜன் அயனிகளின் செறிவைப் பொறுத்தது. அந்தச் செறிவை எழுதப் புகுந்தால் தசமப் புள்ளிக்குப் பின் பல சுழியங்கள் இடவேண்டியிருந்தது. ஆகவே 1909 ஆம் ஆண்டில் அவர் மடக்கை அளவில் ஒரு சுருக்கக் குறியீட்டைப் புகுத்தினார். அதுவே பி.எச்.

இந்த அளவுகோலில் 25 டிகிரி செல்சியஸில் 7 என்பது நடுநிலை; அதற்குக் கீழே அமிலம்; மேலே காரம். எலுமிச்சைச் சாறு 2 முதல் 2.5 வரை, தயிர் ஏறக்குறைய 4.5, மனித இரத்தம் 7.4 அளவில். மடக்கை அளவாதலால் ஒரு படி இறங்கினால் ஹைட்ரஜன் அயனிகள் பத்து மடங்கு கூடுகின்றன என்பது பொருள். 0.3 இறங்கினாலே இரு மடங்கு ஆகிவிடும். 'பத்தில் ஒரு பங்குதானே வேறுபாடு' என்று நாம் ஒதுக்கிவிடும் 0.1 கூட, செறிவில் ஏறக்குறைய 26 விழுக்காடு வேறுபாடாகும். இதனை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

கருவி அளப்பது எதனை?

பி.எச். மானி பி.எச்.சை அளப்பதில்லை. இதைக் கேட்டுச் சிலர் வியப்படையக்கூடும். அது அளப்பது மின்னழுத்தத்தை மட்டுமே. சாதாரண வோல்ட்மானியின் உறவினர்தான் அதுவும். சற்று நுட்பமான உறவினர்.

கரைசலில் நாம் முக்கும் தண்டின் நுனியில் மெல்லிய கண்ணாடிக் குமிழ் ஒன்று உண்டு. அது சாதாரணக் கண்ணாடி அன்று. தனிச் சேர்க்கையால் ஆனது. நீரில் ஊறும்போது அதன் மேற்பரப்பு நீரை ஏற்று, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கூழ்ப்படலம் ஒன்றை உண்டாக்கிக்கொள்கிறது. இந்தப் படலம் வெளிக் கரைசலில் உள்ள ஹைட்ரஜன் அயனிகளோடு கொடுக்கல் வாங்கல் நடத்துகிறது. குமிழின் உள்ளே பி.எச். மாறாத கரைசல் அடைக்கப்பட்டிருக்கிறது. உள்ளும் புறமும் ஹைட்ரஜன் அயனிகள் வேறுபட்டிருந்தால் கண்ணாடியின் இரு பக்கங்களுக்கு இடையே மின்னழுத்தம் தோன்றுகிறது. இதனைக் கண்ணாடி மின்வாய் என்பர்.

மின்னழுத்தம் என்பது எப்போதும் இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள வேறுபாடு. ஆகவே மாறாத மின்னழுத்தம் கொண்ட துணைவர் ஒருவர் தேவை. அவரே ஒப்பு மின்வாய்: பொட்டாசியம் குளோரைடு கரைசலில் நிற்கும் வெள்ளி, வெள்ளிக் குளோரைடுக் கம்பி. நுண்துளை கொண்ட சிறு பீங்கான் துண்டின் வழியாக அந்தக் கரைசல் மிக மெதுவாக வெளியே கசிந்து மின்சுற்றை முழுமையாக்குகிறது. இன்றைய கருவிகளில் இரண்டு மின்வாய்களும் ஒரே தண்டில் அடங்கியிருப்பதால், ஒன்றைத்தான் முக்குகிறோம் என்று எண்ணிக்கொள்கிறோம்.

கண்ணாடி மின்வாயைப் பற்றி ஹாபரும் கிளமென்சீவிச்சும் 1909 ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார்கள். ஆயினும் அது எல்லோர் கைக்கும் வரக் கால் நூற்றாண்டு ஆயிற்று. காரணம், கண்ணாடி மின்சாரத்தை எளிதில் விடாது என்பதே. குமிழின் மின்தடை பத்துக் கோடி ஓம் என்ற அளவில் இருக்கும். சாதாரண மானிக்கு அதன் குரல் கேட்காது. 1934 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கலிபோர்னியா பழ விளைச்சலாளர்களின் கூட்டுறவு நிறுவனத்தில் வேலைபார்த்த ஒரு வேதியியலார், எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தன்மையை அளக்க முடியாமல் தம் கல்லூரி நண்பர் ஆர்னால்டு பெக்மனை நாடினார். சாற்றில் கலந்திருந்த கந்தக டை ஆக்சைடு, வழக்கத்தில் இருந்த மற்ற முறைகளைப் பயனற்றவையாக்கியது. பெக்மன் வெற்றிடக் குழல்களைக் கொண்டு மின்னழுத்தத்தைப் பெருக்கும் கருவி ஒன்றைச் செய்து கொடுத்தார். பெருக்கி கிடைத்ததால் குமிழைத் தடித்த, உறுதியான கண்ணாடியிலேயே செய்ய முடிந்தது. 1935 இல் அது விற்பனைக்கு வந்தது. நம் மேசைமீது இருக்கும் கருவி அதன் வழித்தோன்றலே.

இரண்டு பிசகுகள்

கொள்கைப்படி, பழுதற்ற மின்வாய் 25 டிகிரியில் பி.எச். 7 உள்ள கரைசலில் 0 மில்லிவோல்ட் காட்டவேண்டும். அங்கிருந்து பி.எச். ஒன்று குறையும்போதெல்லாம் 59.16 மில்லிவோல்ட் ஏறவேண்டும். ஒன்று கூடும்போதெல்லாம் அதே அளவு இறங்கவேண்டும். நெர்ன்ஸ்ட் என்னும் அறிஞரின் சமன்பாடு தரும் எண் இது.

உண்மையில் எந்த மின்வாயும் இப்படி நடப்பதில்லை. அதற்கு இரண்டு வகைப் பிசகுகள் உண்டு. 7 இல் சுழியம் காட்டாமல் சில மில்லிவோல்ட் தள்ளிக் காட்டும். இது தொடக்கப் பிசகு. படிக்கு 59.16 ஏறாமல் 58, 57 என்று சோம்பலாக ஏறும். இது சரிவுப் பிசகு. ஆங்கிலத்தில் ஆஃப்செட், ஸ்லோப் என்று ஆய்வுக்கூடத்தார் சொல்வன இவையே. கண்ணாடியின் படலம் தேய்வதாலும், புரதமோ எண்ணெயோ படிவதாலும், ஒப்பு மின்வாயின் கரைசல் நீர்த்துப்போவதாலும், வயதாவதாலும் இவை நாளுக்கு நாள் மாறுகின்றன.

வீணை வாசிப்பவர் நேற்றுச் சுருதி கூட்டினேன் என்று சொல்லி இன்று அப்படியே கச்சேரிக்கு அமர்வதில்லை. தந்தி தளரும், வெயிலும் குளிரும் மரத்தைத் தொடும். ஆகவே தம்புராவை மீட்டிக் கேட்டு, பிரடையைத் திருகிய பிறகே பாட்டைத் தொடங்குகிறார். நம் மின்வாய்க்கும் இதே ஒழுங்குதான். தம்புராவின் இடத்தில் இருப்பவை தாங்கற் கரைசல்கள்.

தாங்கற் கரைசல்கள்

பஃபர் என்று எல்லோரும் சொல்லும் தாங்கற் கரைசல், சிறிது அமிலமோ காரமோ சேர்ந்தாலும் தன் பி.எச்.சை எளிதில் விட்டுக்கொடுக்காத கரைசல். வலுக்குறைந்த அமிலமும் அதன் உப்பும் சேர்ந்திருப்பதால் இந்தப் பொறுமை அதற்கு வாய்க்கிறது. 25 டிகிரியில் பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டுக் கரைசல் 4.01 காட்டும், பாஸ்பேட்டுக் கரைசல் 6.86, வெண்காரம் என்னும் போராக்சுக் கரைசல் 9.18. தாலேட்டுக் கரைசலை நாமே செய்யலாம்: உலர்த்திய தூள் 10.12 கிராம் எடுத்து, கரைசல் ஒரு லிட்டர் ஆகும்வரை வடிநீர் சேர்த்தால் போதும். நம் நாட்டுக் கூடங்களில் 4.0, 7.0, 9.2 என்று குறித்த மாத்திரைகளைக் கரைத்துக்கொள்வதே பெரும்பாலான வழக்கம்.

வடிநீரில் முக்கினால் 7 காட்டவேண்டாமா, அதைக்கொண்டே சரிபார்த்துவிடலாமே என்று பலர் கேட்பதுண்டு. வடிநீர் காற்றில் உள்ள கரியமில வாயுவை ஏற்று ஏறக்குறைய 5.6 வரை இறங்கிவிடும். அன்றியும், அதில் அயனிகள் மிகக் குறைவு; மானி ஓரிடத்தில் நில்லாமல் அலையும். வடிநீர் 7 காட்டவில்லை என்பதற்காகக் கருவியைக் குறை கூறுவது நியாயமன்று. மின்வாயைக் கழுவ உதவும் நீர், அதற்குச் சாட்சி சொல்ல உதவாது.

தாங்கற் கரைசலின் எண்ணும் வெப்பநிலையைப் பொறுத்தது. வெண்காரக் கரைசல் 10 டிகிரியில் 9.33, 25 டிகிரியில் 9.18, 40 டிகிரியில் 9.07. தில்லி போன்ற ஊர்களில் ஜனவரிக் காலையில் கைவிரல் மரத்துப்போகிறது. மே மாதப் பிற்பகலில் மேசையே சுடுகிறது. இரண்டு பருவத்திலும் 9.18 என்றே கருவிக்குச் சொன்னால், முத்திரையே பொய் முத்திரையாகிவிடும். புட்டியின் மீது ஒட்டியுள்ள அட்டவணையைப் பார்த்து அன்றைய வெப்பநிலைக்கு உரிய எண்ணைக் கொடுக்கவேண்டும். சில புதிய கருவிகள் இந்த அட்டவணையைத் தம்முள்ளேயே கொண்டிருக்கின்றன. எந்த வகைப் பஃபரைப் பயன்படுத்துகிறோம் என்பதை நாம் சரியாகச் சொல்லியிருந்தால் மட்டுமே அது பயன்படும்.

செய்முறை

முதலில், பஃபர்களும் சோதிக்கவேண்டிய மாதிரியும் ஒரே வெப்பநிலைக்கு வரட்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் முக்கலாகாது.

மின்வாயை அதன் சேமிப்புக் கரைசலிலிருந்து எடுங்கள். அது 3 மோலார் பொட்டாசியம் குளோரைடாக இருப்பது நல்லது. வடிநீரில் ஊறவைக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அது மின்வாயின் ஆயுளைக் குறைக்கும். உள்ளிருக்கும் உப்பு மெல்ல வெளியேறிவிடும். கண்ணாடிப் படலமும் கெடும். உலர்ந்துபோன மின்வாயையோ சில மணி நேரமாவது சேமிப்புக் கரைசலில் ஊறவைத்த பின்னரே பயன்படுத்தவேண்டும்.

கரைசல் ஊற்றும் வகை மின்வாயானால், பக்கத்தில் உள்ள சிறு துளையின் மூடியைத் திறந்துவிடுங்கள். உள்ளிருக்கும் கரைசலின் மட்டம், முக்கப்போகும் கரைசலின் மட்டத்தைவிட உயரமாக இருக்கட்டும். அப்போதுதான் உள்ளிருப்பது வெளியே கசியும். வெளியிலிருப்பது உள்ளே புகாது. குமிழுக்குள் காற்று தங்கியிருந்தால், காய்ச்சல் மானியை உதறுவதுபோல் கீழ்நோக்கி மெல்ல உதறினால் அகன்றுவிடும்.

வடிநீரால் கழுவி, மெல்லிய தாளால் ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள். தேய்த்தால் கண்ணாடியில் நிலைமின்சாரம் ஏறி, எண் நெடுநேரம் அலையும். படலத்துக்கும் ஊறு நேரும்.

பஃபரைச் சிறு பீக்கரில் புதிதாக ஊற்றிக்கொள்ளுங்கள். பெரிய புட்டிக்குள் மின்வாயை முக்குவதும், பயன்படுத்தியதைத் திரும்பப் புட்டியில் ஊற்றுவதும் கூடா. அவ்வாறு சிக்கனம் செய்தால் ஒருவர் மிச்சம் பிடித்த ஐந்து மில்லி லிட்டருக்காகக் கூடம் முழுவதும் பிழையான எண்களைப் பெறும். காரப் பஃபர் கரியமில வாயுவை ஏற்று விரைவில் கெடும்; அதனைத் திறந்து வைக்கவும் கூடாது.

முதலில் 7. எண் அலையாமல் நிற்கும்வரை காத்திருந்து, கருவிக்கு அதனை உணர்த்துங்கள். இதனால் தொடக்கப் பிசகு தீர்ந்தது. கழுவி ஒற்றிய பின் இரண்டாவது பஃபர். மாதிரி அமிலமாயின் 4, காரமாயின் 9.2. நாம் அளக்கப்போகும் எண் இரண்டு பஃபர்களுக்கும் இடையில் விழவேண்டும் என்பது விதி. இரு கரைகளையும் கண்டவன்தான் ஆற்றின் நடுவைச் சொல்ல முடியும். இந்த இரண்டாம் படியால் சரிவுப் பிசகு தீர்ந்தது. மாதிரிகள் இருபுறமும் பரவியிருந்தால் மூன்று பஃபர்களையும் பயன்படுத்துக.

இதோடு நின்றுவிடக்கூடாது. மீண்டும் ஒரு பஃபரில் முக்கி, மாதிரியைப் போலவே அளந்து பாருங்கள். கற்றுக்கொடுத்ததைக் கருவி திரும்பச் சொல்கிறதா என்று கேட்கும் தேர்வு இது. 0.02, 0.03 அளவு வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளலாம்; அதற்கு மேற்பட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதே நேர்மை.

ஒரு கணக்கு

25 டிகிரியில், ஒரு மின்வாய் 7.00 பஃபரில் −6 மில்லிவோல்ட்டும், 4.01 பஃபரில் +166 மில்லிவோல்ட்டும் காட்டியது என்று கொள்வோம். வேறுபாடு 172 மில்லிவோல்ட், இடைவெளி 2.99 படிகள். வகுத்தால் படிக்கு 57.5 மில்லிவோல்ட். கொள்கை அளவான 59.16 இல் இது 97 விழுக்காடு. 95 முதல் 102 விழுக்காடு வரை நல்ல மின்வாய் என்றே கொள்வார்கள். தொடக்கப் பிசகும் 30 மில்லிவோல்ட்டுக்குள் இருக்கிறது. ஆக, இது குறை சொல்லமுடியாத மின்வாய்.

இப்போது ஒரு மாதிரியில் +74 மில்லிவோல்ட் காட்டுகிறது. திருத்திய கருவி 5.61 என்று சொல்லும். திருத்தாத கருவியோ, மின்வாய் பழுதற்றது என்று தானே எண்ணிக்கொண்டு 5.75 என்று சொல்லும். வேறுபாடு 0.14. செறிவில் இது ஏறக்குறைய 38 விழுக்காடு! நல்ல மின்வாயிலேயே இவ்வளவு.

முதுமையடைந்த மின்வாயை எண்ணிப் பாருங்கள். 7 இல் சரியாக 0 காட்டுகிறது, ஆனால் 4.01 இல் 130 மில்லிவோல்ட்தான் ஏறுகிறது. நேரமில்லை என்று ஒருவர் 7 ஐ மட்டும் வைத்துச் சரிபார்த்துவிட்டு வேலையைத் தொடங்குகிறார். சோதித்த இடத்தில் கருவி மிகச் சரியாகவே இருந்தது. ஆனால் 4.01 உள்ள கரைசலை அது 4.80 என்று காட்டும். உள்ள அமிலத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் இருப்பதாகச் சொல்கிறது என்று பொருள். ஒரு புள்ளியின் வழியே எத்தனை கோடுகள் வேண்டுமானாலும் வரையலாம் என்று பள்ளியில் படித்த வடிவக் கணிதம் இங்கே பயன்படுகிறது.

இதனினும் மோசமானது, எப்போதும் ஒரே எண்ணைக் காட்டும் மின்வாய். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் ஐந்து கிராமங்களின் கைப்பம்பு நீரைக் கொண்டுவந்து அளந்தார். ஐந்தும் ஏறக்குறைய 6.9. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் வகுத்துள்ள எல்லை 6.5 முதல் 8.5 வரை, ஆகவே ஐந்து ஊர் நீரும் பழுதில்லை என்று எழுதத் தயாரானார். எண்கள் இவ்வளவு ஒற்றுமையாக இருப்பது எனக்கு உறுத்தியது. பக்கத்தில் இருந்த 4.0 பஃபரில் முக்கச் சொன்னேன். அதிலும் 6.9! குமிழில் மயிரிழை போன்ற விரிசல். உள்ளும் புறமும் ஒன்றாகிவிட்டதால் எதில் முக்கினாலும் கருவிக்கு வேற்றுமை தெரியவில்லை. அன்று அந்த ஒரு பீக்கர் பஃபர் இல்லாதிருந்தால், ஐந்து ஊர் மக்கள் குடிக்கும் நீரைப் பற்றி ஓர் உடைந்த கண்ணாடி தீர்ப்புச் சொல்லியிருக்கும்.

வெப்பநிலைத் திருத்தம் பற்றிய மயக்கம்

இன்றைய கருவிகளில் வெப்பநிலையை உணரும் தனிக் கம்பி ஒன்று இருக்கிறது. அது இருக்கும்போது கவலை எதற்கு என்று எண்ணுவோர் உண்டு. அது செய்வது ஒன்றே ஒன்று. 59.16 என்ற எண் 25 டிகிரிக்கு மட்டுமே உரியது. 10 டிகிரியில் அது 56.18, 40 டிகிரியில் 62.13. இந்த மாற்றத்தைக் கருவி கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆனால் சூடேறும்போது மாதிரியின் பி.எச்.சே உண்மையில் மாறுகிறதே, அதனைக் கருவி 25 டிகிரிக்கு மாற்றித் தராது. தூய நீரின் நடுநிலையே 25 டிகிரியில் 7.00 ஆகவும் 40 டிகிரியில் 6.77 ஆகவும் இருக்கிறது. ஆகவே எந்த வெப்பநிலையில் அளந்தோம் என்று எழுதாத பி.எச்., நாள் குறிப்பிடாத கடிதம் போன்றது.

இவ்வளவு நுட்பம் தேவைதானா?

பத்தில் ஒரு பங்குக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று ஒருவர் கேட்கக்கூடும். நலமுள்ள மனிதரின் தமனி இரத்தம் 7.35 க்கும் 7.45 க்கும் இடையே நிற்கிறது. முழு அகலமே 0.10. நாம் மேலே கண்ட நல்ல மின்வாய், திருத்தாமல் விட்டபோது காட்டிய பிழை 0.14.

சோரன்சன் வாழ்ந்த அதே கோப்பன்ஹேகனில், 1952 ஆம் ஆண்டில் இளம்பிள்ளை வாதம் கொடுமையாகப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்கள் பிளெக்டாம் மருத்துவமனைக்கு நாள்தோறும் கொண்டுவரப்பட்டார்கள். அவ்வாறு வந்த முதல் 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். அவர்களுடைய இரத்தத்தில் கரியமில வாயுவின் மொத்த அளவு கூடியிருந்தது. அதைக் காரத்தன்மையின் அறிகுறி என்றே மருத்துவர்கள் கருதினார்கள். மயக்க மருந்து நிபுணரான பியோர்ன் இப்சன் மாறாக எண்ணினார்: நோயாளி போதிய மூச்சு விடாததால் வாயு உள்ளேயே தேங்குகிறது, இரத்தம் அமிலமாகிக்கொண்டிருக்கிறது என்றார். எது உண்மை? மருத்துவமனை ஆய்வுக்கூடத் தலைவர் பௌல் ஆஸ்ட்ரூப் இரத்தத்தின் பி.எச்.சை மின்வாயால் அளந்தார். அது இறங்கியிருந்தது. இப்சன் சொன்னதே சரி.

அதன் பிறகு தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, ரப்பர்ப் பையை இரவும் பகலும் கையால் அழுத்தி நோயாளிகளுக்கு மூச்சளித்தார்கள். அழுத்தியவர்கள் யார்? மாணவர்கள்! ஏறக்குறைய 1,500 மாணவர்கள் முறைவைத்து அந்தப் பணியைச் செய்தார்கள். இறப்பு விகிதம் பெரிதும் குறைந்தது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தொடக்கம் அதுவே என்பர். அந்தப் படுக்கைகளின் அருகே 7.4 க்கு மேலா கீழா என்ற வினாவுக்கு மின்வாய் தவறான விடை தந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இன்று மருத்துவமனைகளில் உள்ள இரத்த வாயுக் கருவிகள் குறித்த நேரத்துக்கு ஒருமுறை தம்மைத் தாமே சரிபார்த்துக்கொள்ளுமாறு அமைக்கப்பட்டிருப்பதன் காரணம் இதிலேயே விளங்கும்.

நாம் அளப்பது இரத்தமாக இல்லாமலிருக்கலாம். மண்ணாக, ஆற்று நீராக, நொதியாக, மருந்துக் கரைசலாக இருக்கலாம். நம் எண்ணை எடுத்துக்கொண்டு வேறொருவர் ஒரு முடிவுக்கு வருவார். ஓர் உழவர் சுண்ணாம்பு இடுவார். ஓர் ஆய்வாளர் மேற்கொண்டு ஓராண்டு உழைப்பார். அவர்கள் நம் மின்வாயைப் பார்க்கப்போவதில்லை. எண்ணை மட்டுமே பார்ப்பார்கள்.

ஆகவே இளைய நண்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. பி.எச். மானியின் பக்கத்தில் ஒரு குறிப்பேட்டை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். அளவுத்திருத்தம் செய்யும்போதெல்லாம் நாள், வெப்பநிலை, எந்தெந்தப் பஃபர், 7 இல் காட்டிய மில்லிவோல்ட், சரிவு விழுக்காடு, செய்தவர் கையெழுத்து ஆகிய ஆறையும் எழுதுங்கள். இரண்டு நிமிட வேலைதான். சில மாதங்கள் சென்றபின் அந்தப் பக்கங்களைப் புரட்டினால் 98, 97, 95, 92 என்று மின்வாய் முதுமையடைவது கண்ணெதிரே தெரியும். எப்போது அதனைத் தூய்மை செய்வது, எப்போது ஓய்வு கொடுப்பது என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். கருவி தன் நாணயத்தைத் தானே காத்துக்கொள்ளாது. அதைப் பயன்படுத்தும் நாம்தான் காக்கவேண்டும்.